எழுதி வைத்த தீர்மானமும் இருந்து பேசிய தீர்மானமும்

திருச்சபையின் பொதுச்சங்கங்கள் என்றதும், அது ஆயர்மாருக்கும் குருமாணவருக்கும் உரிய பாடம் என்று எம்மவரில் பலர் ஒதுக்கிவிடுகின்றனர். வயலையும் வீட்டையும் விட்டு ஓடி, முகாமிலும் உறவினர் வளவிலும் ஆண்டுக்கணக்காகக் காலம் தள்ளிய குடும்பத்துக்கு, எங்கோ ஒரு காலத்தில் நடந்த வாக்குவாதத்தால் ஆவதென்ன என்று கேட்பதும் நியாயமே. ஆயினும் 2025 ஆம் ஆண்டில் நிசேயாப் பொதுச்சங்கத்தின் 1700 ஆம் ஆண்டு நிறைவை உலகத் திருச்சபைகள் நினைவுகூர்ந்தன. அந்த நீண்ட வரலாற்றை எமது நிலையில் நின்று ஒருமுறை வாசிப்பது நன்று. அது பலர் கூடித் தீர்மானம் எடுத்த வரலாறு. எந்தத் தீர்மானம் நிலைத்தது, எது பிளவைக் கொண்டுவந்தது என்பதை அது தெளிவாகக் காட்டுகின்றது. எமக்கு வேண்டியதும் அந்தப் படிப்பினையே.

பெரும்போகம் தொடங்குமுன் நடக்கும் பயிர்ச்செய்கைக் கூட்டத்தை நீங்கள் அறிவீர்கள். கந்தளாய்க் குளத்தின் கீழென்றாலும் அல்லைத் திட்டத்திலென்றாலும், தண்ணீர் திறக்கும் நாள், விதைக்கும் நாள், மாடுகளை வயல்வெளியை விட்டு அகற்றும் நாள் எல்லாம் அங்கேயே பேசி முடிவாகும். மடைவாயிலில் வயலுள்ளவர் மாத்திரம் கூடி நாள் குறித்தால் என்ன நடக்கும்? வாய்க்காலின் கடைசியில் வயலுள்ளவர் குடலைப் பருவத்தில் மண்வெட்டியோடு வந்து நிற்பார். குறித்த நாளில் பிழை இல்லாமல் இருக்கலாம். அவரைக் கேளாமல் குறித்ததே பிழை. இதை மனதில் வைத்துக்கொண்டு திருச்சபை வரலாற்றுக்கு வருவோம்.

முதற்கூட்டம் ஏறக்குறைய கி.பி. 49 இல் எருசலேமில் நடந்தது. திருத்தூதர் பணிகள் 15 ஆம் அதிகாரத்தில் அதன் விபரம் உண்டு. யூதரல்லாத மக்கள் யேசுவை ஏற்றுக்கொண்டால் அவர்களும் விருத்தசேதனம் செய்து மோசேயின் சட்டத்தைக் கைக்கொள்ள வேண்டுமா என்பதே பிரச்சினை. கடும் விவாதம் நடந்ததென்பதை நூலாசிரியர் மறைக்கவில்லை. பேதுரு பேசினார். பர்னபாவும் பவுலும் அந்த மக்கள் மத்தியில் தாம் கண்டவற்றை எடுத்துரைத்தனர். சபை அமைதியாக இருந்து கேட்டது. கடைசியிலேயே யாக்கோபு முடிவைக் கூறினார். தேவையற்ற சுமையைப் புதியவர்கள் மேல் ஏற்றுவதில்லை என்று தீர்மானித்து, அதைக் கடிதமாக எழுதி, வாயாலும் விளக்கிச் சொல்ல ஆட்களை உடன் அனுப்பினார்கள். சுமப்பவரின் நிலையைக் கேட்டறிந்த பின்னரே சுமையைப் பற்றித் தீர்மானித்தார்கள். அதனால் அந்தத் தீர்மானம் நிலைத்தது.

இனி 431 ஆம் ஆண்டு எபேசு நகருக்கு வருவோம். மரியாளை இறைவனின் தாய் என்று அழைப்பதா, கிறிஸ்துவின் தாய் என்று மட்டும் அழைப்பதா என்ற வாதம் எழுந்தது. கொன்ஸ்தாந்திநோப்பிளின் ஆயர் நெஸ்தோரியுஸ் முதற்பட்டத்தை ஏற்கத் தயங்கினார். அலெக்சாந்திரியாவின் ஆயர் சிரில் அவரை எதிர்த்தார். பேரரசர் பொதுச்சங்கத்தைக் கூட்டினார். அந்தியோக்கியாவின் ஆயர் யோவானும் அவரோடு வந்த கீழைத்தேச ஆயர்களும் வழியில் தாமதித்தனர். அவர்கள் வரும்வரை பொறுக்குமாறு 68 ஆயர்கள் எழுத்தில் கேட்டனர். பேரரசரின் பிரதிநிதியும் தடுத்தார். சிரில் காத்திருக்கவில்லை. யூன் 22 ஆம் திகதி சங்கத்தைத் தொடக்கி, அன்றைக்கே நெஸ்தோரியுஸைப் பதவி நீக்கினார். சில நாட்களில் வந்து சேர்ந்த யோவான், தம்மவரோடு வேறொரு கூட்டம் கூட்டி, சிரிலைப் பதவி நீக்கினார். ஒரே நகரில் இரண்டு சங்கங்கள். ஒன்றையொன்று தள்ளிவைத்த இரண்டு தீர்ப்புகள்.

இறைவனின் தாய் என்ற பட்டத்தைத் திருச்சபை சரியென்றே ஏற்றது. நாமும் அவ்வாறே செபிக்கின்றோம். ஆனால் சரியான போதனையும் காத்திருக்காத அவசரத்தால் காயத்தை உண்டாக்கியது. 433 இல் சிரிலும் யோவானும் ஒரு பொது அறிக்கையில் உடன்பட்டனர். முன்னரே இருந்து பேசியிருந்தால் அந்த இரண்டாண்டுச் சண்டை தவிர்ந்திருக்கக்கூடும். பாரசீகத்திலிருந்த கீழைத்திருச்சபையோ எபேசுத் தீர்ப்பை ஏற்காமல் தனிவழியே சென்றது. அந்தத் திருச்சபையின் தலைவர் நான்காம் மார் டிங்காவும் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பரும் கிறிஸ்துவைப் பற்றிய பொது அறிக்கையில் கையொப்பமிட்டது 1994 நவம்பர் 11 இல். நாலு நாள் பொறுக்காததன் விளைவைச் சீர்செய்ய 1500 ஆண்டுகளுக்கு மேலாயிற்று.

இது தூரத்துக் கதையல்ல. ஆறாம் நூற்றாண்டில் கொஸ்மாஸ் என்ற கிரேக்க வணிகர் எழுதிய நூலில், இலங்கையில் பாரசீகக் கிறிஸ்தவர்கள் இருந்ததாகக் குறிப்பிடுகின்றார். 1912 இல் அனுராதபுரத்தில் கண்டெடுக்கப்பட்ட கற்சிலுவை அவர்களோடு தொடர்புடையதென்பது அறிஞர் பலரின் கருத்து. அதே கீழைத்திருச்சபையிலிருந்தே கேரளத்தின் தோமையார் கிறிஸ்தவர்களும் நெடுங்காலம் ஆயர்களைப் பெற்றனர். எபேசில் எழுந்த பிளவு அவர்கள் வாசலுக்கு 1599 இல் வந்து சேர்ந்தது.

அந்த ஆண்டு யூன் மாதம், கோவாவின் பேராயர் அலெய்சோ தெ மெனேசிஸ், கொச்சிக்கு அருகே உதயம்பேரூரில் ஒரு சங்கத்தைக் கூட்டினார். 150 இற்கு மேற்பட்ட குருக்களும் 600 இற்கு மேற்பட்ட பொதுநிலையினரும் வந்திருந்தனர். எண்ணிக்கைக்குக் குறைவில்லை. ஆனால் தீர்மானங்கள் கூட்டத்துக்கு முன்னரே போர்த்துக்கேய மொழியில் எழுதப்பட்டிருந்தன. மலையாளத்தில் வாசித்துக் கையொப்பம் வாங்கப்பட்டது. அவர்களுடைய சுரியானி நூல்கள் நெஸ்தோரியுஸின் போதனை உடையன என்று கூறித் திருத்தவும் எரிக்கவும் கட்டளையாயிற்று. ஏழு நாட்களில் எல்லாம் முடிந்தது. கையொப்பமும் இருந்தது, மௌனமும் இருந்தது. மனச்சம்மதம் இருக்கவில்லை. 1653 சனவரி 3 ஆம் திகதி மட்டாஞ்சேரியில் மக்கள் திரண்டு, சிலுவையில் கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு, இனி அந்த அதிகாரத்துக்குக் கீழ்ப்படிவதில்லை என்று சத்தியம் செய்தனர். கூனன் குருசுச் சத்தியம் என்று அதைச் சொல்வர். அன்று பிரிந்த சபைகள் பல இன்னும் ஒன்றாகவில்லை.

அதே போர்த்துக்கேயர் 1620 களில் எமது திருகோணமலையில் கோணேசர் கோயிலை இடித்து அங்கே கோட்டை கட்டினர். ஆயுதத்தோடும் ஆட்சியோடும் சேர்ந்து வந்த சமயம் பிறருடைய மனதைக் கேளாமல் நடந்ததென்பதை, திருச்சபையின் பத்திரிகையிலேயே நாம் ஒளிக்காமல் சொல்லிக்கொள்ள வேண்டும். எம் அயலவரான சைவ மக்களோடு ஒரே முகாமில் ஒரே கிணற்றில் தண்ணீர் அள்ளியவர்கள் நாம்.

திருச்சபை இதிலிருந்து பாடம் படிக்காமலில்லை. 1962 ஒக்டோபரில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் தொடங்கியது. 2000 இற்கு மேற்பட்ட ஆயர்கள் வந்திருந்தனர். ஆவணங்களின் வரைவுகள் முன்னரே தயாராக இருந்தன. ஒக்டோபர் 13 ஆம் திகதி குழு உறுப்பினரைத் தெரிவுசெய்ய இருந்த வேளையில், பிரான்சு நாட்டின் கர்தினால் லியனார் எழுந்து, ஆளையாள் அறியாமல் வாக்களிப்பது எப்படி, அவகாசம் வேண்டும் என்று கேட்டார். சபை கைதட்டி ஏற்றது; தேர்தல் தள்ளிப்போனது. பின்னர் பல வரைவுகள் திருப்பி அனுப்பப்பட்டுப் புதிதாக எழுதப்பட்டன. இன்று நாம் தமிழில் பூசை காண்பது அந்தச் சங்கத்தின் பலன்.

எமது நாட்டிலும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. அமலமரித் தியாகிகள் சபையைச் சேர்ந்த அருட்தந்தை திஸ்ஸ பாலசூரிய, மரியாளையும் மானிட விடுதலையையும் பற்றி 1990 இல் ஒரு நூல் வெளியிட்டார். அதில் விசுவாசத்துக்கு முரணானவை உண்டென்று உரோமை கண்டது. அவருக்கென எழுதப்பட்ட விசுவாச அறிக்கையில் கையொப்பமிடும்படி கேட்டது. அவர் அதை மறுத்து, பாப்பரசர் ஆறாம் சின்னப்பரின் விசுவாச அறிக்கையில் தமது குறிப்பொன்றைச் சேர்த்து ஒப்பமிட்டார். அது ஏற்கப்படவில்லை. 1997 சனவரியில் அவர் திருச்சபையிலிருந்து விலக்கப்பட்டார். தமது தரப்பு முறையாக விசாரிக்கப்படவில்லை என்பது அவரது முறைப்பாடு. நாட்டிலும் உலகிலும் குரல்கள் எழுந்தன. கொழும்பில் பேச்சுவார்த்தை நடந்து, 1998 சனவரி 15 இல் விலக்கு நீக்கப்பட்டது. அவர் அந்தக் குறிப்பின்றி ஒப்பமிட்டார். ஏற்பட்ட மனத்தாக்கத்துக்கு வருத்தமும் தெரிவித்தார். 2013 இல் திருச்சபையின் குருவாகவே இறந்தார். அவருடைய கருத்துக்கள் சரியா பிழையா என்பது வேறு விடயம். பல ஆண்டு எழுத்துப் போக்குவரத்தால் தீராதது, நேரில் இருந்து பேசியபோது தீர்ந்தது.

இப்போது எமது கதைக்கு வருவோம். 2006 இல் மூதூர் கிழக்கு மக்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினர். பலர் மட்டக்களப்பு வரை சென்று, பின்பு கிளிவெட்டி, பட்டித்திடல் முகாம்களில் தங்கினர். 2007 இல் அவர்களுடைய காணிகள் அடங்கிய பகுதி வர்த்தமானி மூலம் உயர்பாதுகாப்பு வலயமாக்கப்பட்டது. உறுதி வைத்திருந்தவர் எவரும் அந்தத் தீர்மானத்தின்போது கேட்கப்படவில்லை. சம்பூர்க் காணிகள் 2015, 2016 ஆம் ஆண்டுகளிலேயே கட்டங்கட்டமாகத் திரும்பக் கிடைத்தன. அதற்கிடையில் பிள்ளைகள் வளர்ந்துவிட்டனர். முதியோர் பலர் தம் வளவைக் காணாமலே கண்மூடினர்.

அவசர காலத்தில் எல்லோரையும் கேட்டுக்கொண்டிருக்க முடியாது என்பர். பொறுப்பிலுள்ளவர் முடிவெடுத்தே ஆகவேண்டும் என்பதும் உண்மைதான். எருசலேமிலும் யாக்கோபு முடிவு சொல்லத்தான் செய்தார். விசுவாசத்தை வாக்கெடுப்பால் நிர்ணயிப்பதில்லை என்பதையும் ஏற்கின்றோம். ஆனால் கேட்ட பின் முடிவெடுப்பது வேறு. முடிவெடுத்த பின் கேட்பது வேறு. இரண்டாவதற்குக் கூட்டமே தேவையில்லை. ஒரு கடிதம் போதும்.

எனவே மீள்குடியேற்றம், காணி, வீட்டுத்திட்டம், வாழ்வாதாரம் என எந்தக் கூட்டத்துக்கு உங்களை அழைத்தாலும் சிலவற்றைக் கேளுங்கள். பேசப்படும் பத்திரம் தமிழில், கூட்டத்துக்குச் சில நாட்கள் முன்னரே கிடைக்கவேண்டும். வாசித்து விளங்காத தாளில் எவரும் கையொப்பமிடவேண்டாம். வரவு இடாப்பில் வைக்கும் ஒப்பம் சம்மத ஒப்பம் அல்ல என்பதை எழுதுவியுங்கள். தூரத்திலிருந்து வரவேண்டியவர் வரும்வரை, பஸ் தாமதித்தாலும், காத்திருங்கள். கணவனை இழந்து குடும்பத்தைத் தாங்கும் பெண்கள் பின்வரிசையில் நின்று கேட்பவராக அன்றி, எழுந்து பேசுபவராக இருக்கவேண்டும். உடன்படாதவர் ஒருவரே ஆனாலும் அவர் சொன்னது கூட்டக் குறிப்பில் இடம்பெறட்டும். நிசேயாவின் விசுவாசத்தைக் காத்த அத்தனாசியார் தம் ஆயர் இருக்கையிலிருந்து ஐந்து முறை துரத்தப்பட்டவர். அதிகாரம் பலகாலம் எதிர்ப்பக்கமே இருந்தது. 381 இல் கூடிய சங்கம் அவர் காத்த விசுவாசத்தையே உறுதிசெய்தது. அன்று அவர் உயிரோடில்லை.

இவற்றை அரசாங்க அலுவலகங்களிடம் மாத்திரம் கேட்பது நேர்மையாகாது. பங்குச்சபையும், ஆலயம் நடத்தும் சமூகப் பணி நிலையமும், கிராம அபிவிருத்திச் சங்கமும் முதலில் தம்மைச் சோதிக்கவேண்டும். தையல் இயந்திரம் யாருக்கு, ஆடு யாருக்கு, நெல் விதை யாருக்கு என்ற பட்டியல் அறைவீட்டு மேசையில் எழுதப்பட்டபின் மக்களைக் கூட்டி வாசித்தால், நாமும் உதயம்பேரூர் வழியில் நடப்பவர்களே. பட்டியலை வெற்றுத்தாளாகக் கொண்டுபோய் மரநிழலில் எல்லோரும் இருந்து நிரப்புவோம். நேரம் செல்லும், வாக்குவாதம் வரும். வரட்டும். எருசலேமிலும் வாக்குவாதம் நடந்த பின்னரே முடிவு பிறந்தது.