மழை மேல பழியப் போடாதீங்க

கொஞ்சம் நீளமான பதிவு. ட்ரெயில் பைக் வைத்திருக்கிறவர்களும், அதை மகனுக்கு வாங்கிக் கொடுத்த வாப்பாமாரும் கடைசி வரை வாசியுங்கள்.

மாரி தொடங்கினால் ஊரில் எந்தப் பைக் நின்றாலும் ஒரே பதில்தான். "மழை சேர், தண்ணி பூந்திட்டு." வட்டைக்கும் சேற்றுக்கும் என்றே செய்த வண்டி, மழையில் நனைந்ததற்காக நிற்குமா? நாம்தான் நிற்க வைக்கிறோம்.

போன கிழமை என்னுடைய பைக்கை சேர்விஸுக்குக் கொடுத்தேன். பளபளவென்று தந்தார்கள். அடுத்த நாள் மஃரிபுக்குப் பிறகு சம்மாந்துறைக்குத் திரும்பும்போது, மாவடிப்பள்ளித் தாம்போதிக்கு நடுவில் லைட்டும் எஞ்சினும் ஒன்றாக நின்றன. ஒரு துளி மழை இல்லை. பின்னால் டிப்பர் ஒன்று ஹோர்ன் அடித்துக்கொண்டு வந்தது. இருட்டில் பைக்கை ஓரத்துக்குத் தள்ளிய அந்த நேரம் வீட்டில் பிள்ளைகளின் முகம்தான் நினைவுக்கு வந்தது.

வீட்டுக்கு வந்து டேங்கைக் கழற்றினேன். அதற்குக் கீழே இருக்கிற பெரிய சொக்கட்டுக்குள் சவர்க்காரத் தண்ணீர். பின்களில் பச்சை பூத்திருந்தது. அது ஒரு நாளில் பூத்ததல்ல. மாதாமாதம் அழகாகக் கழுவக் கொடுத்தவன் நான், அந்தக் குற்றம் என்னுடையது.

டயருக்கு நாம் அடிப்பது 30 பி.எஸ்.ஐ. அளவு காற்று. கழுவுகிற மெஷினின் அழுத்தம் அதைப்போல பல மடங்கு. மழை மேலிருந்து விழும், சொக்கட்டின் ரப்பர் அதைத் தாங்கும். மெஷின் தண்ணீர் பக்கத்தாலும் கீழாலும் ரப்பரைத் தள்ளிக்கொண்டு உள்ளே போகும். போனது லேசில் வெளியே வராது. அதற்கு மேல் மினுமினுப்புக்கு டீசல் வேறு அடிக்கிறார்கள், இருக்கிற ரப்பரும் ஊதிப்போகிறது. வாளித் தண்ணீரும் ஒரு ஸ்பொன்ஜும் போதாதா?

அடுத்தது நம்முடைய தம்பிமார். எல்.ஈ.டி. பார் பூட்ட வேண்டும், நாலு ஹோர்ன் பூட்ட வேண்டும் என்று கம்பனி வயரை நடுவில் வெட்டி, முறுக்கி, டேப் சுற்றிவிடுகிறார்கள். எஞ்சின் சூட்டில் அந்தப் பசை உருகும். பிறகு தண்ணீர் செம்பு இழைகளுக்குள்ளால் ஊறி, உறைக்குள்ளேயே தூரம் போய் அரிக்கும். வெளியே பார்த்தால் வயர் புதிது மாதிரி இருக்கும்! ஈயம் பற்றவைத்து, சூட்டில் சுருங்கும் குழாய் போட்டால் இந்தத் தொல்லை இல்லை. அதற்குச் செலவு பார்க்கிறவர் ஹோர்னுக்குப் பார்ப்பதில்லை.

இன்னும் சிலர் ரெகுலேட்டரை ஷொப்பிங் பேக்கால் கட்டி வைக்கிறார்கள். அதில் செட்டை செட்டையாக அலுமினியம் வைத்திருப்பது காற்றுப் பட்டுச் சூடு ஆறுவதற்கு. மூடினால் தண்ணீரால் அல்ல, சூட்டால் போகும். சீ.டி.ஐ. பெட்டியைக் கட்டினாலும் உள்ளே வியர்த்து ஈரம் நிற்கும்.

செய்ய வேண்டியது சின்ன வேலை. சொக்கட்டுகளைக் கழற்றி, காயவைத்து, சிலிக்கோன் கிறீஸ் பூசிப் பூட்டுங்கள். பிளக் மூடிக்குள்ளும் கொஞ்சம். சில்லுக்குப் பூசுகிற கிறீஸ் வேண்டாம். கடற்கரையில் அலைக்குள் ஓட்டி வீடியோ எடுக்கிற தம்பிமாரே, அன்றைக்கே நல்ல தண்ணீரால் மெதுவாகக் கழுவி, சொக்கட்டுகளைத் திறந்து காயவிடுங்கள். உப்பு நாளைக்கு வரை காத்திருக்காது.

"சேர், நீங்க மெக்கானிக்கா?" என்று கேட்பீர்கள். இல்லை. ஆனால் 2020இல் இறக்குமதி நிறுத்தி 2025இல்தான் மறுபடி திறந்தார்கள். அதற்கிடையில் பழைய ட்ரெயில் பைக்குக்கு ஒரு கொயில் தேடி அலைந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். காசை விடுங்கள், தாம்போதியில் இருட்டில் லைட் போனால் அதற்கு ஸ்பெயார் பார்ட்ஸ் இல்லை.

ஒன்று மட்டும். தாம்போதிக்கு மேலால் வெள்ளம் பாய்ந்தால் எந்தக் கிறீஸும் உதவாது, திரும்பி விடுங்கள். 2024 நவம்பர் 26ஐ நமக்கு யாரும் ஞாபகப்படுத்தத் தேவையில்லை.

வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு வீட்டில் இருப்பேன். டேங்க் கழற்றத் தெரியாதவர்கள் பைக்கைக் கொண்டு வாங்க. கிறீஸ் என்னிடம் இருக்கு. 10ஆம் நம்பர் சாவி மட்டும் எடுத்து வாங்க, என்ட சாவிய இரவல் வாங்கினவர் இன்னும் திருப்பித் தரல்ல. அவரும் இதை வாசிப்பார்.