சிறுகதை எழுதும் இன்பம்

ஈழநாட்டிற் சிறுகதை எழுதுவோர் தொகை குறைந்துவிட்டதென்று எவரும் கூறார். பாடசாலைகளிலே போட்டிக்கென எழுதப்படும் கதைகளை மாத்திரம் அடுக்கினாலும் ஓர் அறை நிறைந்துவிடும். குறைந்திருப்பது பிறிதொன்று. எழுதும் வேளையில் எழுதுகின்றவனுக்கு உண்டாகும் இன்பம் குறைந்திருக்கின்றது. அஃது இல்லாமையை வாசகன் முதல் வாக்கியத்திலேயே உணர்ந்துகொள்கின்றான்.

போட்டி மண்டபத்திலே தலைப்பும் நேரமும் சொற்றொகையும் வரையறுக்கப்படுகின்றன. மாணவன் முடிவை முதலில் நிச்சயித்துக்கொள்கின்றான். அம்முடிவும் நடுவர் விரும்பக்கூடியதென ஆசிரியர் முன்னரே சொல்லிக்கொடுத்ததாயிருக்கும். தந்தை இறத்தல் வேண்டும்; அன்றேல் ஷெல் விழுதல் வேண்டும்; இறுதிப் பந்தியில் ஓர் அறிவுரை வருதல் வேண்டும். போர் 2009 ஆம் ஆண்டில் முடிந்தது. அதன்பின் பிறந்த பிள்ளைகள் இன்று க.பொ.த. வகுப்புக்களில் இருக்கின்றனர். தாம் காணாத குண்டுவீச்சை அவர்கள் எழுதுகின்றனர். அதனைக் கண்ட அம்மம்மா, இன்றும் ஒரு பையிலே அடையாள அட்டையையும் இரண்டு சேலைகளையும் கட்டிக் கட்டிலின் கீழ் வைத்திருப்பதை எழுதுகின்றாரல்லர். போரை எழுதவேண்டா என்பது என் கருத்தன்று. கண்டதை விட்டுக் காணாததை எழுதப் பிள்ளையைப் பழக்குவது, அவன் கண்ணை அவனிடமிருந்து பறித்துக்கொள்வதாகும்.

இலங்கையர்கோனின் 'வெள்ளிப் பாதசரம்' என்னுங் கதையை ஆசிரியர்கள் மீண்டும் ஒருமுறை எடுத்து வாசித்தல் நன்று. இளந் தம்பதியர் வல்லிபுரக் கோயில் திருவிழாவுக்குச் செல்கின்றனர். பாதசரம் ஒன்று தொலைந்துபோகின்றது. கணவன் சினக்கின்றான், பின்னர் மனம் நெகிழ்கின்றான். கதை இவ்வளவே. காற்சிலம்பொன்றினால் மதுரை எரிந்த காப்பியத்தைக் கற்பிக்கும் நமக்கு, ஒரு பாதசரத்தினால் இரண்டு மனங்கள் சற்று நேரம் கோணி நிமிர்ந்தமை சிறு பொருளாகத் தோன்றலாம். எனினும் அச்சிறுமையே சிறுகதைக்கு உரிய நிலம். கோவில் மணலையும் சனக் கூட்டத்தையும் அப்பெண்ணின் வெறுங் காலையும் அவர் எத்துணை விருப்பத்தோடு எழுதியிருக்கின்றார் என்பது வரிதோறும் தெரிகின்றது. அவர் 1961 ஆம் ஆண்டில் மறைந்தார். அடுத்த ஆண்டில் அவர் கதைகள் இக்கதையின் பெயரையே தாங்கித் தொகுதியாக வெளிவந்தன. அவரும் சி. வைத்தியலிங்கமும் சம்பந்தனும் 1930 களில் எழுதத் தொடங்கியபொழுது, ஈழத்திற் சிறுகதை எழுதுவோனுக்குப் பரிசுமில்லை, பட்டமுமில்லை. பின் ஏன் எழுதினார்கள்? எழுதாதிருக்க முடியாமையால் எழுதினார்கள் என்பதன்றி வேறு விடை எனக்குத் தோன்றவில்லை.

பண்டிதர்களுக்கும் சிறுகதைக்கும் பகையென்று ஒரு பேச்சு உண்டு. 1960 களின் முற்பகுதியில், கதைகளிற் பயின்ற பேச்சு மொழியை 'இழிசனர் வழக்கு' என்று பழித்த பூசலினால் எழுந்த பேச்சு அது. அப்பூசலிற் பழித்தவர் பக்கம் நின்று பேச என்னால் இயலாது. தொல்காப்பியப் பாயிரம் செய்யுளுக்கு முன்னே வழக்கைக் கூறுகின்றது. சொல்லதிகாரம் திசைச்சொல்லுக்கும் இடம் அளிக்கின்றது. மேலே சொன்ன சம்பந்தன் மரபுவழித் தமிழ் கற்றவர். சிறுகதைகளும் எழுதினார், பின்னாளிற் சாகுந்தல காவியமும் பாடினார். ஒன்று மற்றொன்றைத் தடுக்கவில்லை.

உண்மையிற் குறுந்தொகையைக் கற்றவனுக்குச் சிறுகதை அந்நியமான சரக்கன்று. பெரும்பாலும் நான்கடி முதல் எட்டடிக்குள் ஒருவர் பேசுகின்றார், மற்றொருவர் கேட்கின்றார், ஒரு கணம் நிகழ்கின்றது. முன்கதையை நாமே உய்த்துணர்ந்து கொள்கின்றோம். 'தோழி கூற்று' என்று துறையை மனனஞ் செய்யும் மாணவன், தோழி யாரை நோக்கி எந்தக் குரலிற் பேசினாள் என்று ஒருமுறை செவிசாய்த்துக் கேட்பானாயின், கதை எழுதும் வித்தையிற் பாதி அவனுக்குக் கைவந்துவிடும்.

இவ்வாண்டு என் வகுப்பிலே ஒரு சிறு பரீட்சை செய்து பார்த்தேன். பரீட்சையென்றாற் புள்ளி இல்லாத பரீட்சை. வீட்டிலே தொலைந்துபோன ஒரு பொருளைப்பற்றி ஒரு பக்கம் எழுதுக, எவரும் இறத்தலாகாது, அறிவுரை கூறலாகாது என்றேன். மாணவர் சிறிது திகைத்தனர். பிறகு தலைகள் குனிந்தன. அவர்களோடு இருந்து யானும் எழுதினேன். முப்பது ஆண்டுகளுக்குப் பின் யான் எழுதிய கதை அது. மூக்குக் கண்ணாடியைத் தேடுகின்ற ஒரு கிழவர். அவர் வாயில் "எங்கே வைத்தேன்?" என்ற சொற்களை இட்டேன். அவர் அசையாது நாற்காலியில் இருந்தார். அடித்துவிட்டு "எங்கை வைச்சனான்?" என்று எழுதினேன். கிழவர் எழுந்து அறை அறையாகத் தேடத் தொடங்கினார்! மணி அடித்ததை யான் கேட்கவில்லை. மாணவர் சிரித்தபோதுதான் நிமிர்ந்து பார்த்தேன்.

வாசித்தவற்றுள் ஒரு மாணவியின் கதையை இங்கே சொல்லாதிருக்க இயலவில்லை. அயல்வீட்டார் ஒரு நாள் திருவலையை இரவல் வாங்குகின்றனர். திருப்பிக் கொடுக்கவில்லை. கேட்க அம்மாவுக்குக் கூச்சம். நாட்கள் செல்கின்றன, அயல்வீட்டார் கனடாவுக்குப் போய்விடுகின்றனர். பூட்டிய வீட்டின் குசினி யன்னலூடாகத் திருவலை தெரிகின்றது. அம்மா அதனைப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போய்ப் புதிதொன்று வாங்கி வருகின்றாள். அவ்வளவே. வகுப்பு சிறிது நேரம் பேசாதிருந்தது. எம்மூர்களிற் பூட்டிக் கிடக்கும் வீடுகளைப்பற்றி நீண்ட கட்டுரைகள் பல படித்திருக்கின்றேன். அவற்றுள் எதுவும் அந்த யன்னலுக்கு நிகராகாது.

ஆசிரியர்கள் இதனைத் தத்தம் வகுப்புக்களிற் செய்து பார்ப்பாராக. மாணவரை எழுதவிட்டுத் தாம் மேசையில் இருந்து கொப்பி திருத்துதல் கூடாது. தாமும் உடனிருந்து எழுதுதல் வேண்டும். அவ்வாறு எழுதப்பட்ட கதைகளை, ஆசிரியருடையதாயினும் மாணவருடையதாயினும், இப்பகுதிக்கு அனுப்பலாம். ஒரு பக்கத்துக்கு மேற்படலாகாது. தலைப்பு எம்மாற் கொடுக்கப்படமாட்டாது. பரிசு எதுவும் இல்லை.