சுண்ணாம்பு பூமியில் கீரை வராதா?

பெரம்பலூர், அரியலூர் பக்கம் வீட்டுத் தோட்டப் பேச்சை எடுத்தால் போதும், பதில் தயாராக இருக்கும்: "அதெல்லாம் தஞ்சாவூர்க்காரங்களுக்குச் சரி. இது சுண்ணாம்பு பூமி, தண்ணியும் கிடையாது. வாசல்ல நாலு குரோட்டன்ஸ் வச்சா பார்க்க லட்சணமா இருக்கும். காய்கறிதான் கடையில கிடைக்குதே!" கேட்க நியாயமாகத்தான் தோன்றுகிறது. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் நிற்பதில்லை.

முதலில் மண். ஒரு காலத்தில் இந்தப் பகுதி கடலாக இருந்தது. காரையிலும் குளக்காநத்தத்திலும் இன்றும் கிடைக்கும் கடல் உயிரினப் புதைபடிவங்களே அதற்குச் சாட்சி. அந்தக் கடல் விட்டுப்போன சுண்ணாம்புக்கல்லை நம்பித்தான் அரியலூரின் சிமெண்ட் ஆலைகள் ஓடுகின்றன. ஆனால் இரண்டு மாவட்டமும் முழுக்கச் சுண்ணாம்பு என்பது தவறு. செந்துறை, ஆண்டிமடம் பக்கம் முந்திரி காய்ப்பது செம்மண்ணில். திருமானூரை ஒட்டிக் கொள்ளிடக்கரை வண்டல் இருக்கிறது. பெரம்பலூரில் பருத்தியும் மக்காச்சோளமும் விளையும் கரிசல் பரந்து கிடக்கிறது.

சுண்ணாம்பு மிகுந்த இடத்திலும் செடி சாவதில்லை. அதற்கு இரும்புச் சத்து எட்டாமல் போகிறது, அவ்வளவுதான். கொல்லையில் நிற்கும் கறிவேப்பிலையைக் கிட்டப் போய்ப் பார்த்தால் தெரியும். அடி இலைகள் பச்சையாக இருக்க, கொழுந்து மட்டும் வெளுத்து மஞ்சளாகி, நரம்புகள் பச்சைக் கோடுகளாகத் தெரியும். பலரும் இதைத் தண்ணீர்க் குறை என்று எண்ணிக் குடம் குடமாக ஊற்றுகிறார்கள்; இல்லையென்றால் யூரியா போடுகிறார்கள். இரண்டும் வீண். லிட்டருக்கு 5 கிராம் வீதம் இரும்புச் சத்துள்ள அன்னபேதி உப்பைக் கரைத்து, சில சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டு, வெயில் தாழ்ந்தபின் இலை நனையத் தெளித்து, பத்து நாள் கழித்து இன்னொரு முறை தெளித்தால் கொழுந்து பச்சைக்குத் திரும்பும். கூடவே தொழுவுரமும் மக்கிய குப்பையும் வேண்டும். அடுப்புச் சாம்பலைச் செடிக்குப் போடும் பழக்கத்தை மட்டும் இந்த மண்ணில் விட்டுவிட வேண்டும். சாம்பலும் காரம், மண்ணும் காரம். கரிசல் வீடுகளின் சிக்கல் வேறு: மழையில் சேறாகும், கோடையில் வெடிக்கும். அங்கே ஓர் அடி உயர மேட்டுப்பாத்தி போட்டு, மக்காச்சோளத் தட்டையை நறுக்கி மூடாக்குப் போட்டால் பாதி வேலை முடிந்தது.

அடுத்தது தண்ணீர். மழையின் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டிவிட்டுப் போய்விடுகிறது என்பது உண்மைதான். ஆனால் காவிரிக் கழனிகளை விட்டு வந்து இதே மண்ணில் கங்கைகொண்ட சோழபுரத்தை எழுப்பிய ராஜேந்திர சோழன், கூடவே சோழகங்கம் என்ற பேரேரியையும் வெட்டினான். மழை குறைவு என்று இந்த ஊர் அன்றைக்கே கை கட்டி நிற்கவில்லை.

வீட்டுக் கணக்குக்கு வருவோம். ஜல் ஜீவன் திட்டத்தின் அளவு ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர். நான்கு பேர் என்றால் 220 லிட்டர். குளித்தும் அரிசி, காய், பாத்திரம் கழுவியும் வெளியே போவதில் 80 லிட்டரைத் தோட்டத்துக்குத் திருப்பினாலும், சதுர மீட்டருக்கு 5 லிட்டர் வீதம் 16 சதுர மீட்டருக்குப் பாயும். அரை சென்ட்டுக்குச் சற்றே குறைவு. சோப்புத் தண்ணீரை வாழை, கல்வாழை, சேம்பு நிற்கும் குழிக்கு விடலாம். கீரைப் பாத்திக்கு அரிசி, காய் கழுவிய தண்ணீரே நல்லது. இன்று சாக்கடைக்குப் போகிற நீர்தான் இவ்வளவும்.

அழகுக்குக் குரோட்டன்ஸ், வயிற்றுக்குக் காய்கறி என்ற பிரிவினைதான் இருப்பதிலேயே பலவீனமான வாதம். பிரான்சின் வில்லாண்ட்ரி மாளிகையை 1906-ல் வாங்கிய ஜோவாகிம் கார்வல்லோ அங்கே மீட்டெடுத்த தோட்டத்தைப் பார்க்க உலகமே போகிறது. அதன் புகழ்பெற்ற பகுதி ஒன்பது சதுரங்களாகப் பிரித்த காய்கறிப் பாத்திகள். நிறமும் ஒழுங்கும்தான் அங்கே அழகு.

இங்கேயும் அதற்குப் பஞ்சமில்லை. சிவப்புத் தண்டுக்கீரைக்குப் பக்கத்தில் சிறுகீரை, ஊதாக் கத்தரிக்கு ஓரமாகச் செண்டுமல்லி. செண்டுமல்லி வேர்முடிச்சு நூற்புழுவையும் குறைக்கும். மேற்கே ஒரு பந்தல் போட்டுப் புடலையும் அவரையும் ஏற்றினால் பிற்பகல் வெயில் பாத்தியில் விழாது. முருங்கையும் பப்பாளியும் வடக்கு ஓரத்தில் நிற்கட்டும், தை மாத வெயிலை அவை மறைக்காது. பாத்தியின் அகலம் நான்கு அடியைத் தாண்டக் கூடாது. இரு பக்கமும் நின்று கை எட்ட வேண்டும். கீரையை ஒரே நாளில் விதைப்பதுதான் தோட்டத்தைப் பொட்டலாக்குகிறது. நான்கு சிறு பாத்திகளில் வாரத்துக்கு ஒன்றாக விதைத்தால், ஒன்றைப் பிடுங்கும்போது அடுத்தது தளிர்த்து நிற்கும்.

கடையில் மலிவு என்பதில் ஓரளவு உண்மை உண்டு. தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024 வழிகாட்டுதல் கீரையும் சேர்த்து ஆளுக்கு ஒரு நாளைக்கு 400 கிராம் காய்கறி என்கிறது. நான்கு பேருக்கு 1,600 கிராம். அரை சென்ட் அதைத் தராது. சின்ன வெங்காயத்துக்குப் பேர்போன பெரம்பலூர் மாவட்டத்தில் அதை வீட்டில் போட்டு இடத்தை அடைப்பதும் புத்திசாலித்தனம் இல்லை. வீட்டில் போட வேண்டியவை பறித்த சில மணி நேரத்தில் வாடுகிறவை: கீரை, கறிவேப்பிலை, கொத்தமல்லி, பிஞ்சு வெண்டை. பத்துச் செடி தக்காளியும் இருக்கட்டும். 2023 ஜூலையில் கிலோ நூறு ரூபாயைத் தாண்டி, அரசே ரேஷன் கடையில் 60 ரூபாய்க்குத் தக்காளி விற்றதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

ஆடிப்பட்டத்துக்கு முன் செய்ய வேண்டியது ஒன்றுதான். கொல்லையில் நாலைந்து இடத்தில் அரை அடி ஆழத்துக்கு மண் எடுத்துக் கலந்து, அரைக் கிலோவைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். பெரம்பலூர்க்காரர்களுக்கு வாலிகண்டபுரத்திலும் அரியலூர்க்காரர்களுக்குச் சோழமாதேவியிலும் வேளாண் அறிவியல் மையம் இருக்கிறது. என்ன போடலாம் என்று அங்கே போய்க் கேளுங்கள்.