பலாலியும் பெயர்ப்பலகையும்

1947 திசம்பர் 10-ஆம் நாள் இரத்துமலானையிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ஏர் சிலோன் நிறுவனத்தின் முதல் வானூர்தி, காங்கேயன்துறையில் இறங்கியே கடல் கடந்தது. அவ்விறங்குகளமே பலாலி. இரண்டாம் உலகப் போரின்போது வெள்ளையர் தம் படைக்கென அமைத்த களம் அது. உள்நாட்டுப் போர் மூண்டபின் மீண்டும் படைத்தளமாகிப் பொதுமக்களுக்குரிய கடல்கடந்த வான்வழி அடைபட்டது. எதிர்க்கரையிலுள்ள தமிழகத்திற்கு வர, யாழ்ப்பாணத்தார் ஏறத்தாழ 400 கிலோமீட்டர் தெற்கே கொழும்புக்குச் சென்று, அங்கிருந்து மீண்டும் வடக்கே பறந்தனர். தலையைச் சுற்றி மூக்கைத் தொட்ட கதை இதுதான்!

2019 அக்தோபர் 17-இல் களம் மீண்டும் திறக்கப்பட்டது. அன்றே பெயர்ப்பலகையும் பூசலுக்குள்ளாயிற்று. அதில் முதலில் தமிழும், அடுத்துச் சிங்களமும், இறுதியில் ஆங்கிலமும் இருந்தமையைத் தென்னிலங்கையர் சிலர் பொறுக்கவில்லை. வடக்கிலும் கிழக்கிலும் தமிழே ஆட்சி நடத்தும் மொழி என்று 1988-இல் வந்த அந்நாட்டு அரசியற் சட்டத்தின் 16-ஆம் திருத்தம் கூறுகின்றது. தம் சட்டத்தைத் தாமே படியாதார்க்கு நாம் என்ன சொல்வது?

ஆயின் நம்மவரையும் ஒன்று கேட்க வேண்டும். முதலிடம் பெற்ற தமிழில் தமிழ் எவ்வளவு? ஈழத்து அலுவலகங்களும் இதழ்களும் அதனைச் 'சர்வதேச விமான நிலையம்' என்றே எழுதுகின்றன. 'சர்வதேச'மும் 'விமான'மும் வடசொற்கள். 'பன்னாட்டு வானூர்தி நிலையம்' என எழுதினால் எவர்க்கு விளங்காது? இடத்துக்குப் போராடிய நாம் சொல்லுக்குப் போராடவில்லை. (பன்னாடு என்னும் பெயர்க்கேற்பப் பல நாடுகளுக்கு அங்கிருந்து ஊர்திகள் பறக்கவில்லை என்பது வேறு செய்தி.)

மகுடைத் தொற்றால் 2020-இல் நின்ற சென்னைப் பறப்பு 2022 திசம்பரில் மீண்டது. 2025 மார்ச்சில் திருச்சிராப்பள்ளிக்கும் வழி திறந்தது. ஓடுபாதை குறுகியதாகலின், எழுபது பேர் அளவே ஏறக்கூடிய சிறு விசிறியூர்திகளே வருகின்றன. பாதையை நீட்ட வேண்டுமென்பதை நாம் மறுக்கவில்லை. எவர் நிலத்தில் நீட்டுவது என்பதே வினா. 1990-இல் வலிகாமம் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டோருள் பலர், தம் வீடும் தோட்டமும் இருந்த மண்ணை இன்னும் வேலிக்கு அப்பாலிருந்தே பார்க்கின்றனர். செம்மண் தோட்டங்கள் அவை. வெங்காயமும் புகையிலையும் விளைந்தவை.

பாதையை நீட்டுமுன் அந்நிலத்தார் இசைவு பெறப்படல் வேண்டும். கொள்ளும் நிலத்திற்கு உரிய விலை தரப்படல் வேண்டும். வேண்டாத நிலம் உடனே திருப்பப்படல் வேண்டும். அவ்வறிவிப்பும் நல்ல தமிழில் வரட்டும்.