சனிக்கிழமைக் கூலியும் சாயங்காலக் கூட்டமும்

குடிக்கிற தோழனைக் கண்டால் ஏளனம் செய்கிறோம். இல்லையேல் விலகிப் போகிறோம். இரண்டும் தவறு என்பதே எங்கள் அபிப்பிராயம்.

1937 அக்டோபர் 1-ல் ராஜாஜி மந்திரிசபை மதுவிலக்கை முதன்முதலில் அமல் நடத்தியது நமது சேலம் ஜில்லாவில்தான். நாமக்கல்லும் அப்போது அதில் அடக்கம். கடைகள் மூடின. பிற்பாடு சட்டம் போனது, வந்தது, மறுபடி போனது. 2003 முதல் சர்க்காரின் டாஸ்மாக்கே சில்லறையில் விற்கிறது! பள்ளிபாளையம் தறித் தொழிலாளியின் வாரக்கூலி வீடு சேருமுன் அங்கே இறங்குகிறது. கடையை மூடு என்று கோருவோம். அதுவரை இந்தத் தோழன் என்ன செய்வான்?

1935-ல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில், குடியால் கெட்ட ஒரு பங்குத் தரகரும் ஒரு டாக்டரும் தங்களுக்குள் மனம்விட்டுப் பேசியே குடியை விட்டார்கள். (தரகரிடமும் கற்க ஏதோ இருக்கிறது!) அதிலிருந்து பிறந்ததே 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்'. சந்தா இல்லை, பெயரை வெளியே சொல்வதில்லை, குடியை நிறுத்தும் விருப்பம் போதும். கடவுள் பேச்சு வரும். வேண்டாதவர் மற்றதைக் கேட்கலாம். குடும்பத்தாருக்கு 'அல்-அனான்' தனியே உண்டு.

கூட்டம் எங்கே? அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் விசாரியுங்கள். 14446-க்குக் கட்டணமின்றிப் போன் செய்யுங்கள். நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம். முதலில் டாக்டரைப் பார்க்க வேண்டும்.

வாசல்வரை போய்க் கூசித் திரும்புகிறவர் உண்டு. சங்கத் தோழர் ஒருவர் கூடப் போகட்டும். கூட்டம் முடியும்வரை டீக்கடையில் காத்திருக்கட்டும். அன்றைய ஷிப்டை மாற்றிக்கொள்ள இன்னொருவர் முன்வரட்டும்.