மறுதொடக்கம் என்னும் சிறு விஷயம்

கொசஸ்தலையாறு கடலோடு கலக்கும் இடத்தை அடுத்திருக்கும் முகத்துவாரக்குப்பத்தின் பெயரே அதன் வாழ்வு எதனைப் பற்றி நிற்கிறதென்பதை உரைக்கும். முகத்துவாரம் மணலால் தூர்ந்துவிடின் கழியெங்கும் நீரோட்டம் தளரும். அதனைத் திறந்துவிடின் அதன் பயன் ஒருவனுக்கன்று, கழியை நம்பியிருக்கும் யாவருக்குமாம். ஓரிடத்தில் வைத்த கை பலரைத் தொடும் என்னும் இவ்வுண்மை நீருக்கு மாத்திரமன்று, நம் காலத்துச் சிறு யந்திரங்களுக்கும் பொருந்தும்.

இராயபுரம் முதல் எண்ணூர் வரையுள்ள துறைமுகத் தொழிற்பகுதியில் பயன்படத்தக்க அளவுகருவி, வாயுக் கசிவை உணரும் கருவி முதலியவற்றின் உள்ளே, ஒரே சிப்பில் கணக்கிடும் பகுதியும், செய்தி அனுப்பும் பகுதியும், வலையிணைப்பும் ஒருங்கே அமைந்திருத்தலுண்டு. இத்தகைய சிப்புகள் பலவற்றை ஆள்வது லினக்ஸ் என்னும் இயங்குதளம். மின்சாரம் பாய்ந்தவுடன் அதன் உறுப்புகள் எந்நிலையில் இருக்கின்றன என்று ஒருவராலும் சொல்ல முடியாது. ஆகையால் மின்னழுத்தமும் கடிகாரத் துடிப்பும் நிலைப்படும்வரை ஒவ்வோர் உறுப்பையும் அடக்கி வைத்து, பின்னரே விடுவிக்க ஒரு கம்பி உண்டு. அதுவே ரீசெட் எனப்படும் மறுதொடக்கக் கம்பி. பெரிய சிப்புகளில் இக்கம்பிகள் பலவாதலின், அவற்றை ஆள்வதற்கென்றே ஒரு தனிப் பகுதி வைக்கப்பட்டிருக்கும்.

எந்த எண்ணுள்ள கம்பி எந்த உறுப்புக்கு உரியது என்பதை லினக்ஸ் தானே ஊகித்தறிய இயலாது. ஒருவர் எழுதிக் காட்ட வேண்டும். முற்காலத்தில் ஆர்ம் வகைச் சிப்புகளுக்கு இத்தகைய விவரங்கள் பலகைதோறும் நிரலுக்குள்ளேயே புதைந்து கிடந்தன. இக்குழப்பத்தை லினஸ் டோர்வால்ட்ஸ் 2011-ஆம் ஆண்டு வெளிப்படையாகக் கண்டித்தார். அதன்பின் டிவைஸ் டிரீ என்னும் தனி வர்ணனை ஏடு அவ்வகையில் பரவலாயிற்று. 2013-இல் வெளிவந்த லினக்ஸ் 3.10-இல் ரீசெட்டுக்கென ஒரு பொது ஒழுங்கும் சேர்ந்தது. அதன்படி, கம்பியை ஆளும் பகுதி தன்னைக் குறிக்க எத்தனை எண்கள் வேண்டுமென அறிவிக்கும். கம்பியால் ஆளப்படும் உறுப்போ, இன்ன பகுதியின் இன்ன கம்பி எனக்குரியது என்று கூறும். எண்ணூறு பக்கக் கையேட்டில் தேட வேண்டியது இரண்டே வரிகளில் அடங்கிவிடுகிறது.

சில வேளை ஒரே கம்பி இரண்டு மூன்று உறுப்புகளுக்குப் பொதுவாயிருக்கும். அப்போது ஒருவர் தம் காரியம் முடிந்ததென்று அதனை அடக்கினால் மற்றவர் வேலை நடுவில் நின்றுவிடும். ஆதலின் லினக்ஸ், பங்காளிகள் எத்தனை பேர் கம்பியை விடுவித்திருக்கின்றனரெனக் கணக்கு வைத்து, கடைசிப் பங்காளியும் விலகிய பின்னரே அடக்குகிறது. கழியைப் பங்கிட்டு வாழ்வோர்க்கு இம்முறை புதிதன்று.

“மின்சாரத்தை அணைத்து மீண்டும் ஏற்றினால் போதாதோ?” என்று வினவுவார் உண்டு. போதாது. ஓர் உறுப்பின் பழுதுக்காக யாவற்றையும் அணைப்பது, ஒரு வலை சிக்கியதற்காகப் படகையே கரையேற்றுவதற்கு ஒக்கும். அன்றியும் அணைக்கக் கை எட்டாத இடங்கள் பல. 1997-ஆம் ஆண்டு ஜூலை 4-ஆம் நாள் செவ்வாய்க் கிரகத்தில் இறங்கிய பாத்பைண்டர் கலத்தின் கணினி, அடிக்கடி தானே மறுதொடக்கம் செய்துகொண்டது. அது கலத்தைக் காத்ததெனினும் அன்றைய வேலையைத் தடுத்தது. நிரலில் பணிகளின் முதன்மை முறை பிறழ்ந்ததே காரணமென்று பொறியாளர் கண்டு, பூமியிலிருந்தே திருத்தம் அனுப்பினர். மறுதொடக்கம் புகலிடமேயன்றி மருந்தன்று என்பதற்கு இது சான்று.

இனி என் கருத்து இது: சிப்பு செய்வோர் ரீசெட் கம்பிகளின் எண், வரிசை, காத்திருக்க வேண்டிய நேரம் ஆகியவற்றை யாவரும் காண வெளியிடல் வேண்டும். அது வாணிப இரகசியம் என்பார்க்கு விடை எளிது. சுற்றமைப்பின் நுட்பத்தை மறைத்துக்கொள்ளட்டும்; கதவு எதுவென்பதை மறைப்பதால் ஆவதென்ன? செய்தவர் தொழிலை மூடினபின், கையேடு இல்லாத கருவியைத் திருத்துவார் யாருமில்லை. 2023-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் நள்ளிரவில், எண்ணூரில் கடலடிக் குழாயினின்று அம்மோனியா கசிந்து மக்கள் வீடுகளை விட்டு ஓடினார்கள். அது குழாயால் நேர்ந்ததேயன்றிச் சிப்பால் நேர்ந்ததன்று. ஆயினும் அத்தகைய இரவில் எச்சரிக்கை செய்ய வேண்டிய கருவி ஊமையாய் நின்றால், அதனை மீட்கும் வழி கரையில் வாழ்வோர்க்கு உயிர்ப் பொருளாகிறது.

வழிகாட்டி நம் நகரிலேயே உண்டு. சென்னை ஐ.ஐ.டி.யில் உருவான சக்தி சிப்பு 2018-இல் லினக்ஸை இயக்கிக் காட்டிற்று. அதன் வடிவமைப்பும் யாவரும் கற்கத் திறந்து வைக்கப்பட்டுள்ளது. நம் மாணாக்கர் நிரல் எழுதக் கற்பதோடு அமையாது, ஒரு பலகையை எடுத்து அதன் கம்பிகளை ஒவ்வொன்றாகச் சோதித்து, உள்ளதை உள்ளபடி வர்ணித்து எழுதவும் பழகுவாராக. அத்தொழிலில் புகழ் குறைவு. எனினும் பிழையற எழுதிய இரண்டு வரிகள், எழுதியவர் பெயர் மறந்த பின்னும், யாரோ ஒருவருடைய கருவியை நடுநிசியில் எழுப்பி நிறுத்தும்.