குறைநிரப்பியும் குறையும்

கடல்கடந்து வாழும் எம் பழைய மாணவர் விடுமுறைக்கு ஊர் வரும்போது பெற்றோருக்குக் கொணரும் பொருள்களுள் இப்பொழுது குளிசைப் போத்தலும் ஒன்றாகிவிட்டது. சலரோகத்தினாற் காலெரிவும் விறைப்பும் உற்று இரவிலே துயிலாதிருக்கும் முதியோர்க்கு, 'ஒட்சியேற்ற எதிரி' எனப் பெயர் தாங்கிய அப்போத்தல் பெரு நம்பிக்கையாக விளங்குகின்றது. அன்பினால் அளிக்கப்படுவதைப் பழித்தல் எமது நோக்கமன்று. அதனால் ஆவது யாது, ஆகாதது யாது என ஆராய்தலே நோக்கமாகும். தமிழ் கற்பிக்கும் எமக்கு வைத்தியத்தில் என்ன வேலை எனச் சிலர் வினவலாம். சொல்லின் பொருளை ஆராய்தல் எம் தொழிலாதலின், அவ்வாயிலாகவே இதனுட் புகுகின்றோம்.

இக்குளிசைகளுக்கு ஆதாரமான கொள்கை வெறுங் கற்பனையன்று. குருதியிலே குளுக்கோசு மிகும்போது கலங்களின் இழைமணிகளில் ஒட்சிசனின் தீவிர வடிவங்கள் அளவுக்கு மிஞ்சித் தோன்றுகின்றன. அவை நரம்பையும் அதற்கு ஊட்டமளிக்கும் நுண்குழாய்களையும் ஊறுபடுத்துகின்றன. ஆதலின் ஒட்சியேற்றத்தைத் தடுப்பின் நோவு தணியும் என எண்ணுதல் இயல்பே. ஆயினும் கொள்கை வேறு, பயன் வேறு.

இவற்றுள் மிகுதியாக ஆராயப்பட்டது அல்பா லிப்போயிக் அமிலமாகும். ஜேர்மனியில் இது நெடுங்காலமாக வழங்கி வருகின்றது. 2006 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்றில், 181 நோயாளர் ஐந்து வாரம் இதனை உட்கொண்டபோது நோவு ஓரளவு குறைந்தது. நாளொன்றுக்கு 600 மில்லிகிராமுக்கு மேற் கூட்டியபோது பயன் கூடவில்லை; குமட்டலே கூடிற்று. 2011 இல் வெளியான மற்றோர் ஆய்வு 460 பேரை நான்காண்டு நோக்கிற்று. நரம்புக் குறிகள் சிலவற்றில் முன்னேற்றம் காணப்பட்டதாயினும், ஆய்வாளர் முன்னரே வகுத்த முதன்மை அளவுகோலில் அது வெற்றுக் குளிசையை வெல்லவில்லை. கொக்கிரேன் நிறுவனத்தார் 2024 இல் வெளியிட்ட தொகுப்பாய்வோ, ஆறு மாத அளவில் நோய்க்குறிகளிற் குறிப்பிடத்தக்க வேறுபாடு பெரும்பாலும் இல்லை என்றே முடிவுகூறிற்று.

'பயனில்லாவிடினும் கேடில்லையே' என்பாரும் உளர். அதுவும் பொருந்தாது. புற்றுநோய் மருந்தினால் விளையும் நரம்புத் துன்பத்தைத் தடுக்கும் எனக் கருதி, 409 பெண்களைக் கொண்டு அசற்றைல் காணிற்றைன் என்னும் பொருள் சோதிக்கப்பட்டது. 2013 இல் வெளியான முடிவின்படி, அதனை உண்டோர்க்கே அத்துன்பம் மிகுந்தது. பின்லாந்திலே புகைபிடிப்போர் 29,133 பேரிடம் நடந்து 1994 இல் வெளியான ஆய்வில், பீற்றா கரோற்றீன் உண்டோரிடையே நுரையீரற் புற்றுநோய் நூற்றுக்குப் பதினெட்டு வீதம் கூடிற்று. நரம்புக்கு நல்லதெனப் பலவற்றோடு சேர்த்து விற்கப்படும் விற்றமின் பீ ஆறு, பேரளவில் உண்ணின் தானே நரம்பைக் கெடுக்கும் என்பது 1983 முதல் அறியப்பட்டது.

இனிச் சொல்லுக்கு வருவோம். இப்பொருள்களைக் 'குறைநிரப்பி' என்கின்றோம். நிரப்புதற்கு முதலிற் குறை ஒன்று இருத்தல் வேண்டும். சலரோகத்திற்கு மெற்போமின் நெடுநாள் உண்போர் சிலர்க்கு விற்றமின் பீ பன்னிரண்டு குறைகின்றது. அக்குறையே காலில் விறைப்பையும் எரிவையும் தரவல்லது. குருதிச் சோதனையால் அதனைக் கண்டு நிரப்புதல் மெய்யான வைத்தியம். குறை யாதெனக் காணாமலே போத்தலை வாங்குவோர் நிரப்புவது விற்பவரின் பணப்பெட்டியையே. ஓய்வூதியத்தில் வாழும் ஒருவருக்கு அப்பணம் சிறிதன்று.

அஃதினும் பெரிய கேடு வேறொன்றுண்டு. எரிவு நின்றதெனின் குளிசை வென்றதென முதியோர் மகிழ்வர். நரம்பு முற்றாக மரத்தமையாலும் எரிவு நிற்கும். உணர்ச்சியற்ற காலில் முள் தைப்பினும் தெரியாது. அப்புண் ஆறாது பெருகிக் காலையே இழக்கச் செய்யும். போத்தலை நம்பிச் சோதனையைக் கைவிடுதல் இவ்வாற்றால் ஆபத்தாகின்றது.

ஆகவே செய்யத்தக்கன யாவை? குருதிச் சீனியைக் கட்டுப்படுத்தலே முதலாவது. முதலாம் வகைச் சலரோகமுடைய 1,441 பேரை ஆராய்ந்து 1993 இல் வெளியான அமெரிக்க ஆய்வு, இறுக்கமான கட்டுப்பாடு நரம்புக்கேட்டை ஏறத்தாழ நூற்றுக்கு அறுபது வீதம் குறைத்ததெனக் காட்டிற்று. இரண்டாம் வகையிற் பயன் இத்துணைப் பெரிதன்றாயினும் வேண்டற்பாலதே. நோவைத் தணிக்க அமிற்றிப்றிலின், டுலொக்செற்றின், பிரிகபலின் முதலியன உள. அவை வேரறுப்பனவல்ல; எனினும் பலர்க்கு உறக்கத்தை மீட்டுத் தருவன. வைத்தியரின் ஆலோசனைப்படியே அவற்றை உண்ணல் வேண்டும். போத்தற் குளிசை உண்போர் அதனையும் வைத்தியரிடம் மறையாது கூறுக. உணர்ச்சி குன்றிய காலினர் நண்பகல் வெயிலிற் கோயில் வீதியை வெறுங்காலோடு வலம்வருதலைத் தவிர்த்து, வைகறையில் வழிபடுக.

கடல்கடந்த அன்பர்களே! அடுத்த முறை வரும்போது போத்தலுக்குப் பதிலாகக் குருதிச் சீனி அளக்கும் கருவியையும் மெத்தென்ற பாதணியையும் கொணருங்கள். இளைய மாணவர்காள்! நாள்தோறும் மாலையில் உங்கள் பாட்டன் பாட்டியரின் உள்ளங்காலை ஒருமுறை உற்று நோக்குங்கள். செலவின்றி நீங்கள் செய்யக்கூடிய இத்தொண்டினால் ஒரு காலேனும் காக்கப்படுமாயின், கல்லூரி கற்பித்தது வீண்போகவில்லை என மகிழ்வோம்.